இமை வாசலில் நின்ற கிளி

முன்னொரு காலத்தில், மேகங்கள் மலைச்சரிவில் இறங்கிப் படுத்துக்கொள்ளும் ஒரு நாட்டில், சந்திரசூடன் என்றொரு அரசன் இருந்தான். நல்லவன்தான். குடிமக்களுக்கு ஒரு குறையும் வைக்காதவன். ஆனால் அவனுக்கு ஓர் ஆசை பிறந்துவிட்டால், அது தீரும்வரை அரண்மனையில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது.

ஒருநாள் பகல் உணவுக்குப் பிறகு கண்ணயர்ந்தவன் ஒரு கனவு கண்டான். அல்லிக்குளத்தின் மேல், தண்ணீரில் கால் படாமல் நடந்து போகிறான். எங்கிருந்தோ ஒரு கிளி பறந்து வந்து அவன் தோளில் அமர்ந்தது. பச்சை என்று சொல்லிவிட முடியாது. மழைக்கு முந்தைய வெளிச்சம் இளநாற்றின் மேல் விழுமே, அப்படி ஒரு நிறம். வாலை அசைத்தால் நீலம் ஓடியது. தலையைத் திருப்பினால் பொன் மின்னியது. அது அவன் காதோரத்து முடியை அலகால் மெல்லக் கோதிவிட்டது. அவ்வளவுதான். விழித்தபோது தோள் வெறுமையாக இருந்தது. ஒரு தோள் அவ்வளவு வெறுமையாக இருக்க முடியும் என்று அரசனுக்கு அதுவரை தெரியாது.

"அது எந்த இனக் கிளி?" என்று சபையில் கேட்டான்.

சபையில் மகுடேசப் பண்டிதர் என்பவர் இருந்தார். பறவைகளைப் பற்றித் தமக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய எண்ணம். அவர் எழுந்து, "அரசே, உலகில் கிளி இனங்கள் ஏராளம். எல்லாவற்றையும் பிடித்து வரச் செய்வோம். தாங்கள் பார்த்து, இதுதான் என்று கை காட்டினால் போதும். பெயரை அடியேன் சொல்லிவிடுவேன்" என்றார்.

வலைகாரர்கள் காடு மேடெல்லாம் போனார்கள். கழுத்தில் ரோஜா நிற ஆரம் போட்ட பச்சைக்கிளிகள் வந்தன. தோளில் சிவப்புத் திட்டு வைத்த பெருங்கிளிகள் வந்தன. நாவல்பழச் சிவப்பில் தலை கொண்டவை, நீலமும் சாம்பலும் கலந்த மலைக்கிளிகள், வௌவாலைப்போலத் தலைகீழாகத் தொங்கியபடி தூங்கும் குட்டைக்கிளிகள் எல்லாம் வந்தன. கப்பல் வியாபாரிகள் வெள்ளை வெளேரென்று ஒரு கொண்டைக்கிளியையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளியறைக்குப் பக்கத்திலிருந்த வசந்த மண்டபம் முழுக்கக் கூண்டுகள். அரசன் தினமும் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்து, "இது இல்லை, இது இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனான். இல்லை என்ற கிளியைத் திறந்தாவது விட்டார்களா? அதுவும் இல்லை. "நாளைக்கு மறுபடி பார்த்தால் நினைவுக்கு வரலாம்" என்று பண்டிதர் தடுத்துவிட்டார்.

அந்தச் சபையில் விகடம் சொல்ல ஒருவன் இருந்தான். பெயர் தாண்டவன். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அவன் வீட்டுப் பின்புறம் பெரிய அத்திமரம் ஒன்று உண்டு. விடியும்போது கிளிக் கூட்டத்தால் அந்த மரமே பேசுவதுபோல் இருக்கும். இப்போது இலை உதிரும் சத்தம் மட்டுமே கேட்டது.

"ஏங்க, அந்த மரத்தைப் பார்க்கவே முடியலை" என்றாள் அவன் மனைவி வடிவம்மை. "பழமெல்லாம் பழுத்து, தானே விழுந்து, தானே அழுகுது. ராஜாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னால் சிரிப்பார். சிரிக்க வைப்பவன் சொன்னால் எதற்கும் சிரிப்பார்கள், வடிவு" என்றான் தாண்டவன். சொல்லிவிட்டு அவனும் மரத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

நாளாக ஆக அரசனுக்குச் சந்தேகம் முளைத்தது. தன் சபையில் கிளியைப் பற்றி உண்மையாகவே தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? எல்லாரையும் உட்காரவைத்து ஒரு தேர்வே வைத்துவிட்டான்.

"மந்திரியாரே, கிளியின் காலில் முன்பக்கம் எத்தனை விரல்?"

"மூன்று, அரசே."

"இரண்டு! முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சேனாதிபதி, கிளி எதைக்கொண்டு கூடு கட்டும்?"

"சுள்ளிகளைக் கொண்டு, பிரபு."

"அது கூடே கட்டுவதில்லை. மரப்பொந்தில் முட்டையிடும்!"

கேள்விகளை எழுதிக் கொடுத்தவர் பண்டிதர். பதில் தவறத் தவற அவர் முகம் பூரித்தது. கடைசியில் அவரே எழுந்து, கழுத்தில் ஆரமில்லாத இரண்டு கிளிகளைக் கொண்டுவரச் சொன்னார்.

"தாண்டவா, எல்லாரையும் கேலி செய்பவன் நீ. இதற்குப் பதில் சொல். ஆண்கிளிக்கு ஆரம் உண்டு, பெண்கிளிக்கு இல்லை. இந்த இரண்டில் ஒன்று பெண். மற்றொன்று ஆரம் முளைக்காத இளம் ஆண். எது எது?"

தாண்டவன் இரண்டையும் சுற்றி வந்து பார்த்தான். "தெரியும், பண்டிதரே. ஆனால் நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். கிளியே சொல்லட்டும். இன்னும் இரண்டு மழைக்காலம் இப்படியே நில்லுங்கள். கழுத்து பதில் சொல்லிவிடும்."

சபை வெடித்துச் சிரித்தது. நெடுநாளைக்குப் பிறகு அரசனின் உதடும் அசைந்தது. பண்டிதருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"அரசே!" என்றார் அவர். "கிளிகளின் உள்ளமே அறிந்தவனாகத் தாண்டவன் பேசுகிறான். தங்கள் கனவுக்கிளியை இவனே கொண்டுவரட்டும். முடியாவிட்டால், சபையில் பொய்ப்பெருமை பேசியதற்குத் தண்டனை உண்டல்லவா?"

அரசனின் கண்கள் சிவந்திருந்தன. எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் நிலையில் இருந்தான். "ஆம். தாண்டவா, நான் எங்கே கண்டேனோ அங்கேயே அந்தக் கிளியைக் கொண்டுவந்து விடு. பௌர்ணமிவரை அவகாசம். தவறினால் நீயும் உன் மனைவியும் இந்த நாட்டு எல்லைக்குள் இருக்கக் கூடாது."

தாண்டவன் வணங்கிவிட்டு வெளியே வந்தான். எந்தக் கிளிக்கு எந்தச் சாயத்தைப் பூசினாலும் கனவின் நிறம் வராது என்று அவனுக்குத் தெரியும். தாழ்வாரத்தில் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தபோது, பள்ளியறைப் பணிப்பெண் ஒருத்தி எதிரே வந்தாள். கையில் அரசனின் தலையணை.

"சலவைக்கா?" என்று ஏதோ கேட்டுவைத்தான்.

"எதுக்குச் சலவை? கசங்கினால்தானே! அந்தக் கிளிக் கூச்சல்ல ராஜா எங்கே தூங்கறாங்க? கண்ணை மூடி எத்தனை நாளாச்சு!"

தாண்டவன் நின்றுவிட்டான். பிறகு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். அவள் பயந்துபோய் நகர்ந்துவிட்டாள்.

பௌர்ணமியன்று பகல் உணவு முடிந்து சபை கூடியது. தாண்டவன் வந்தான். கையில் கூண்டு இல்லை. இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று இருந்தது.

"கிளி எங்கே?" என்றான் அரசன்.

"கொண்டுவந்துவிட்டேன், அரசே. வாசலில் நிற்கிறது. உள்ளே வரத்தான் மறுக்கிறது."

"எந்த வாசலில்?"

"தங்கள் இமை வாசலில்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "ஏமாற்று வேலை!"

"ஏமாற்று என்ன இருக்கிறது, பண்டிதரே? கண்ட இடத்திலேயே கொண்டுவந்து விடச் சொன்னது அரச ஆணை. அரசர் அதைக் கண்டது தூக்கத்தில். நான் வேறெங்கே கொண்டுபோய் விட முடியும்? அரசர் தூங்கினால் அது உள்ளே வரும். ஆனால் இந்த இரைச்சலில் அது அருகே வரவும் அஞ்சுகிறது."

அரசன் வசந்த மண்டபத்தின் பக்கம் திரும்பினான். இத்தனை நாளும் கிளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அன்றுதான் அவற்றின் சத்தத்தைக் கேட்டான்.

"பண்டிதரே, அவற்றை அமைதியாக்கும்" என்றான்.

பண்டிதர் ஓடினார். கூண்டுகளுக்குத் துணி போர்த்தினார். நீர் தெளித்தார். கடைசியில் பொறுமையிழந்து, "சும்மா இரு!" என்று கத்தினார். பெருங்கிளி ஒன்று, "சும்மா இரு!" என்றது. பக்கத்துக் கூண்டும் அதையே சொன்னது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க, "சும்மா இரு! சும்மா இரு!" என்று பண்டிதரின் குரலிலேயே அதட்டியது. சபையினர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"திறந்து விடுங்கள்" என்றான் அரசன். "எல்லாவற்றையும்."

கதவுகள் திறந்தன. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கிளி வெளியே வந்து, நம்பாமல் விதானத்தில் அமர்ந்து பார்த்தது. அது பறந்ததும் மற்றவை கிளம்பின. ஒரு தோப்பு வேரோடு எழுந்து போவதுபோல் அரண்மனைக்கு மேல் பச்சை நிழல் ஒன்று கடந்தது. நின்றவர்களின் வெள்ளை வேட்டிகள் ஒருகணம் இலை நிறமாகித் திரும்ப வெளுத்தன. போக ஒரு காடு இல்லாத கொண்டைக்கிளி மட்டும் நாலாபுறமும் பார்த்துவிட்டு, பண்டிதரின் தலைப்பாகைமேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

சத்தம் தேய்ந்து தேய்ந்து மலைப்பக்கம் போய் மறைந்தது. அதற்குப் பின் வந்த அமைதியில், தூரத்தில் ஏற்றம் இறைப்பவனின் பாட்டுக் கேட்டது. அரசன் சிங்காதனத்திலேயே தலையணையைச் சாய்த்து வைத்து, அதில் கன்னத்தைப் பதித்தான். அடுத்த மூச்சில் தூங்கிப்போனான். அவனைப் பார்த்து மந்திரி கொட்டாவி விட்டார். சேனாதிபதி தூணில் சாய்ந்தார். சாமரம் வீசியவள் கை தாழ்ந்தது. தென்றல் மட்டும் விழித்துக்கொண்டு சபைக்குள் உலாவியது.

தாண்டவனுக்குத் தூக்கம் வரவில்லை. ராஜாவைத் தூங்கவைக்கலாம், கனவு காணவைக்க யாரால் முடியும்? வெறும் தூக்கமாகப் போய்விட்டால்? வடிவம்மையிடம் மூட்டை கட்டச் சொல்ல வேண்டியதுதான். அவன் அரசனின் இமைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். எதிரே பண்டிதரும், தலையில் கிளியோடு, அதே இமைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சபைக்குள் சாய்ந்த நேரம், மூடிய இமைக்குள் ஏதோ அசைந்தது. அரசன் தோளை மெல்லத் தாழ்த்தினான், யாருக்கோ இடம் கொடுப்பதுபோல. தாண்டவன் மூச்சு விட்டான்.

விழித்தபோது அரசனின் முகம் குளத்தில் முங்கி எழுந்ததுபோல் இருந்தது. "வந்தது!" என்றான்.

பண்டிதர் விடவில்லை. "மகிழ்ச்சி, அரசே. ஆனால் அது எந்த இனம் என்ற கேள்விக்குத் தாண்டவன் இன்னும் பதில் சொல்லவில்லையே!"

"அதை நானே கேட்டுவிட்டேன், பண்டிதரே. 'கிளியே, நீ எந்த இனம்?' என்றேன். அது தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தது. 'நான் இருக்கட்டும். இறகைக் காணோம், வாலைக் காணோம். நீங்கள் எந்த இனக் கிளி?' என்று திருப்பிக் கேட்டது."

"தாங்கள் என்ன சொன்னீர்கள், அரசே?" என்றான் தாண்டவன்.

"பண்டிதரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்!"

சொல்லும்போதே அரசனுக்குச் சிரிப்புப் பீறிட்டது. கிரீடம் நழுவி மடியில் விழுந்தும் அவன் நிறுத்தவில்லை. தூங்கி எழுந்த சபை முழுதும் சேர்ந்து சிரித்தது. ஒரு கணம் முறைத்துப் பார்த்த பண்டிதரும், தலைமேல் கொண்டைக்கிளி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைக் கேட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

அரசன் தன் கைக் கடகத்தைக் கழற்றித் தாண்டவனுக்குப் பூட்டி, மலையடிவாரத்து மாந்தோப்பையும் அவனுக்கே எழுதிக் கொடுத்தான். அந்தத் தோப்பில் கிளி கொத்தாத ஒரு மாம்பழமாவது வீட்டுக்கு வந்ததாக வடிவம்மை ஒருநாளும் சொன்னதில்லை. குறை சொன்னதும் இல்லை. அரசனோ, பகல் உணவு முடிந்ததும் ஒரு பக்கத் தோளைத் தளர்த்திவிட்டுக்கொண்டுதான் படுப்பான் என்று அந்த நாட்டில் பேசிக்கொள்வார்கள்.