போகிக்குத் தப்பிய குரல்

"போச்சு சாமி, எல்லாம் போச்சு" என்று வந்து நின்றார் நாறும்பூநாதன்.

குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

"எது போச்சு?"

"பழைய குருவோட சத்சங்கப் பதிவுகள். ஒண்ணுகூட இல்ல."

மடத்துக் கம்ப்யூட்டர் நாறும்பூநாதன் பொறுப்பு. போகியன்று கிழிந்த பாய், ஒடிந்த பெஞ்சு என்று மடமே வேண்டாததைக் கழிக்கும். அவரும் தம் பங்குக்குக் கம்ப்யூட்டரைக் கழித்தார். அதில் வேண்டியதும் சேர்ந்து போனது சித்திரையில்தான் தெரிந்தது.

"நகல் வச்சிருந்தீங்களே?"

"இருக்கு சாமி. தினமும் தானே எடுத்துக்கும். இங்க எது இருக்கோ, அது அங்கயும் இருக்கும்."

"இங்க எது இல்லையோ?"

நாறும்பூநாதன் தலை குனிந்தார். "அங்கயும் இருக்காது."

"நல்ல சீடன். குரு மறந்தா அவனும் மறந்துடறான்."

சிரிக்கிற நிலைமையில் சீடர் இல்லை.

"கோமதியம்மா வந்திருக்காங்க சாமி. போன வருஷம் தவறிப்போன அவங்க பையன், காலேஜ்ல படிக்கும்போது நம்ம சத்சங்கத்துல கேள்வி கேட்டிருக்கான். அவன் குரல் வேற எங்கயும் இல்லையாம். ஒரு தடவை கேட்டுட்டுப் போறேங்காங்க. நான் என்னத்தச் சொல்ல?"

குரு கீரைக் காம்பை ஒதுக்கினார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இசக்கியப்பன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இசக்கியப்பனா!"

நாறும்பூநாதனும் அவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஒன்றாக மடத்துக்கு வந்தவர்கள். சத்சங்கங்களை நாடாவில் பதிந்து வைக்கும் இசக்கியப்பனின் இயந்திரத்தை, ஆமை வேகம் என்று நாறும்பூநாதன்தான் மடத்தைவிட்டு வெளியேற்றினார். அதோடு இசக்கியப்பனும் போய்விட்டார்.

"மாசாமாசம் அவருக்கு ஒரு நகல் அனுப்பிட்டுத்தான் இருக்கேன்" என்றார் குரு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சாமி?"

"சொல்லியிருந்தா அதையும் சுத்தம் பண்ணியிருப்பீங்க."

*

"வாரும் வே! ஆமையைத் தேடி முயலு வந்திருக்கு" என்றார் இசக்கியப்பன். பின்னால் நின்ற அம்மாவைக் கண்டதும் குரல் தணிந்தது. "உள்ள வாங்கம்மா."

முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை. இப்போது அலமாரி நிறைய நாடாப் பெட்டிகள். இயந்திரம் தனியாக ஒரு மேஜையில்.

நாறும்பூநாதன் குனிந்து கம்பிகளைத் தேடினார்.

"என்னத்தைத் தேடுதீரு?"

"இது எதோட இணைச்சிருக்கு?"

"எதோடயும் இல்ல. பதிஞ்சதும் கழத்தி அலமாரியில வச்சிருவேன். நீரு அங்க என்ன பண்ணினாலும் இதுக்குத் தெரியாது."

"புதுசு வந்தா பழசு மேலதானே எழுதுவீரு?"

"மாட்டேன். புதுசுக்கு வேற நாடா."

"இதுக்குப் போகி கிடையாதா?"

"எம் பொண்டாட்டி வருஷாவருஷம் கேக்கா. சாவி எங்கிட்ட இருக்கு."

இசக்கியப்பன் ஒரு பெட்டியை எடுத்துப் பொருத்தினார். இயந்திரம் முனகியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கோமதியம்மாளுக்குக் காப்பி வந்தது. ஆறியது.

"இன்னும் எவ்வளவு நேரம் வே?"

"அவங்களே பொறுமையா இருக்காங்க. உமக்கென்ன?"

நாறும்பூநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பையன் கேள்வி கேட்ட அந்த ஒரு நாள் மட்டும் விட்டுப்போயிருந்தால்?

கூட்டத்தின் சலசலப்பு முதலில் வந்தது. யாரோ இருமினார்கள். பிறகு மைக்கைத் தட்டும் சத்தம்.

கோமதியம்மாள் எழுந்துவிட்டார்.

"அவன் இப்படித்தான் தட்டுவான்" என்றார்.

நாறும்பூநாதனுக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஒரு பையனின் குரல், கொஞ்சம் கூச்சத்தோடு:

"சாமி, ஒரு கேள்வி... பின்னால இருக்கவங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதுய்யா" என்றார் அம்மா. "நீ கேளு."