சிவனணைந்தான் கொட்டிய மூன்று பானைக் குழம்பு

எல்லா வயிற்றையும் சாமி நிறைக்கட்டும். கேளுங்கள் மக்களே.

ராஜாக்கள் குதிரையில் போன காலம் அது. கடற்கரையிலிருந்து மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் ஒரு சோற்றுக்கடை இருந்தது. மாமியார் நடத்திய கடையை அவளுக்குப் பின் மருமகள் உலகம்மை நடத்தி வந்தாள்.

உப்பு வியாபாரி சிவனணைந்தான் அந்தக் கடைக்குப் பிள்ளை மாதிரி. வெயிலில் கழுதைகளை ஓட்டிக்கொண்டு நடந்து வருவான். வாசலிலேயே, "அக்கா, குழம்பு!" என்பான்.

"முதல்ல காலைக் கழுவு தம்பி. குழம்பு எங்கேயும் ஓடிப்போகாது" என்பாள். அவன் சாப்பிட்டு எழுந்ததும், "வயிறு நிறைஞ்சுதா?" என்பாள். வேறெதுவும் கேட்க மாட்டாள்.

புகையிலேயே கிடந்து உலகம்மையின் கண் மங்கிப்போயிற்று. மலைக்கு அப்பால் இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். சிவனணைந்தான் கலங்கிப்போனான்.

"இந்த அடுப்பு அணைஞ்சா நான் எங்கே போவேன் அக்கா? என்கிட்டே கொடு."

கழுதைகளை விற்றான், கரண்டியைப் பிடித்தான். "வர்றவங்க முகத்தைப் பார்த்து இலை போடு தம்பி, அது போதும்" என்றாள் அவள். அவனோ புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கேட்பதிலேயே இருந்தான்.

அவள் போன பின் முதல் நாள் குழம்பு வைத்தான். ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான். அக்காவின் ருசி இல்லை. கொட்டினான்.

மறுநாளும் வைத்தான். நக்கினான். இல்லை. கொட்டினான். காத்திருந்த வண்டிக்காரன் ஒருவன், "குழம்பு எங்களுக்கா, உம்ம நாக்குக்கா? என் மாடே சாப்பிட்டு முடிச்சிட்டுது ஐயா!" என்று எழுந்து போனான். கூட இருந்தவர்களும் போனார்கள்.

மூன்றாம் நாள், கோயிலுக்கு நடந்து போகிற ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"ருசி எப்படி இருந்தா என்ன ஐயா? பிள்ளைக்கு ஒரு வாய் ஊத்துங்க."

"அக்கா பேரை நான் கெடுக்க மாட்டேன் தாயே." அழுதுகொண்டே கொட்டினான். அவள் முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

அக்காவையே கேட்டுவிடலாமென்று அவன் சாப்பிடாமல்கூட மலையைத் தாண்டிப் போனான். கால் கொப்பளித்தது. கண் இருட்டியது. உலகம்மை அவன் குரலைக் கேட்டதும், ஒன்றும் விசாரிக்காமல் இலையைப் போட்டுப் பரிமாறினாள். ஒரு வாய் வைத்தான். அலறினான்.

"இதுதான் அக்கா! இதேதான்! என்ன போட்டே?"

"என்னத்தைப் போட்டேன்? கண்ணு தெரியாம அடிப்பிடிக்க விட்ட குழம்பு இது. என் கடையிலும் பாதி நாள் இப்படித்தான். நீ பசியோட நடந்து வந்தே தம்பி. அதான் ருசி."

அந்தக் குழந்தையின் முகம் எப்படி இருந்ததென்று நினைத்துப் பார்த்தான். நினைவில் வரவில்லை. அவன்தான் பார்க்கவே இல்லையே!

ஓடோடித் திரும்பினான். உலை வைத்தான், இலைகளைப் போட்டான், வாசலில் நின்று கூப்பிட்டான். அதற்குள் வண்டிக்காரர்களும் கோயிலுக்கு நடப்பவர்களும் ஆற்றங்கரை வழியே வேறு தடம் பிடித்துவிட்டார்கள். இலைகள் சுருண்டன. சோறு புளித்தது. மறுநாளும் அப்படியே.

அவன் சாகும்வரை தினமும் வாசலோரம் ஓர் இலை போட்டு வைத்தான். பெரியவர்களுக்கு இல்லை, ஒரு குழந்தைக்கான சின்ன இலைதான். அதில் சாப்பிட ஒருவரும் வரவில்லை. அவனோடு அடுப்பும் அணைந்தது.

அதனால்தான் மக்களே சொல்கிறேன்: அடுத்தவர் பசிக்குச் சோறு போட வந்தவர், தன் நாக்கைக் கேட்காமல் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.