மல்லி என்றொரு கதவு

கோயமுத்தூர் மில் முதலாளி சிவசண்முகத்தின் பங்களாவுக்கு, முகம் பார்த்துத் திறக்கும் ஸ்மார்ட் கதவு ஒன்று வந்தது. அதற்கு மல்லி என்று செல்லப்பேர் வைத்தார். "வணக்கம் சிவசண்முகம்" என்று அது குழையும். "வந்துட்டேன்டி கண்ணு" என்று இவர் உருகுவார்.

பத்து வருஷமாகச் சல்யூட் அடிக்கும் வாட்ச்மேன் நஞ்சப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவனுக்கு ஒரு தலையாட்டல்கூடக் கிடைத்ததில்லை. போதாக்குறைக்கு மல்லியின் கேமராவைத் துடைக்கும் வேலையும் அவன் தலையில் விழுந்தது. கரித்துக்கொட்டிக்கொண்டே துடைப்பான்.

ஒருநாள் முதலாளி, "மல்லி செய்யாத வேலை ஒண்ணு செஞ்சு காட்டு. இல்லாட்டி இந்த மாசத்தோட நின்னுக்க" என்றார்.

"நாளைக்குப் பழனிக்கு மொட்டை போடப் போறீங்கல்லங்க? போயிட்டு வாங்க, காட்டறனுங்க" என்றான் நஞ்சப்பன்.

மறுநாள் வேகாத வெயிலில் முதலாளி மீசையும் இல்லாமல், மொட்டையும் சந்தனமுமாகக் கதவு முன் நின்றார்.

"நீங்கள் யாரென்று தெரியவில்லை" என்றது மல்லி.

"நான்தான்டி கண்ணு!" என்று கெஞ்சினார். அது "அந்நியர்! அந்நியர்!" என்று சைரன் ஊதித் தெருவையே கூட்டிவிட்டது.

நஞ்சப்பன் ஓடிவந்து சல்யூட் அடித்தான். "வாங்க முதலாளி! பழனில கூட்டமுங்களா?"

"அப்பாடா, உனக்காவது தெரியுதே! பின்கதவைத் திற, யோவ்... உன் பேரென்ன?"

நஞ்சப்பன் சாவியை எடுத்தான். "மல்லிக்கும் ஆள் தெரியல, உங்களுக்கும் ஆள் தெரியல. அப்ப நீங்களும் ஸ்மார்ட்டுதானுங்க முதலாளி!"