வெற்றிடமாய் நின்ற நாற்பதாம் பிரிவு

புதிதாக விடுதலை பெற்ற ஒரு தீவுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதும் பொறுப்பு வழுதியிடம் இருந்தது. அவருக்கு வயது அறுபது. முப்பத்தொன்பது பிரிவுகளை எழுதிவிட்டார். நாற்பதாவது மட்டும் வெற்றிடமாக நின்றது. சட்டமன்றம் இயற்றும் சட்டம் தவறாக இருந்தால் அதைத் தடுப்பது யார்? அன்று இரண்டு மணிப் படகில் வரைவு சட்டமன்றத்துக்குப் போயாக வேண்டும். வெற்றிடமாகப் போனால், மன்றத் தலைவர் தம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்வார்.

தம்மைவிட இருபது வயது இளையவரான குரு பெருந்தேவியின் மடத்துக்கு அவர் வந்தபோது நண்பகலாகிவிட்டது.

“மூன்று நாடுகளுக்குப் போய்வந்தேன், அம்மா. ஒன்றில், நீதிபதிகள் சட்டத்தையே செல்லாது என்று தள்ளிவிடுகிறார்கள். இன்னொன்றில், ‘இது உரிமைக்கு முரண்’ என்று சொல்வதோடு சரி; மாற்றுவதும் மாற்றாததும் மன்றத்தின் விருப்பம். மூன்றாவதில், சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே தனி அவை ஒன்று சோதித்துவிடுகிறது. மூன்று நாடுகளிலும் மக்கள் வாழ்கிறார்கள். மூன்று நாடுகளிலும் திட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.”

“சாப்பிட்டீரா?”

“நேரமில்லை.”

பெருந்தேவி அடுக்களைப் பக்கம் திரும்பினார். “வீரணரே, இவருக்கு மட்டும் இப்போதே இலை போடும்.”

சமையற்காரர் வீரணன் கரண்டியோடு வெளியே வந்தார். “முடியாதும்மா. கிணறு தூர்வாரப் போனவங்க இன்னும் வரலை. எல்லாரும் வந்தப்புறம்தான் இலைன்னு சுவத்துல எழுதியிருக்கு.”

“எழுதியவளே நான்தானே?”

“அதான் சொல்றேன். எழுதின நீங்க மறந்துட்டா, நானும் மறந்துடணுமா?”

அவர் உள்ளே போய்விட்டார். வழுதிக்குச் சுருக்கென்றது.

“மடத்தின் தலைவர் நீங்கள். உங்கள் ஆணையை அவர் தள்ளுகிறாரே!”

“தள்ளும் அதிகாரத்தை நாங்கள்தான் கொடுத்தோம்.”

“விதியை மாற்றிவிடலாமே?”

“மாற்றலாம். அதற்கும் எல்லோரும் வந்து உட்கார வேண்டும்.”

“அவர் விதியைத் தவறாகப் படித்தால்?”

“படித்திருக்கிறார். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி தர மறுத்தார். மறுநாள் எல்லோரும் கூடினோம்.”

வழுதி சுவரைப் பார்த்தார். விதிக்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், நோயாளிகளுக்கு விலக்கு என்று ஒரு வரி இருந்தது. பெரியவர் யார்? குருவா, சமையற்காரரா, சுவரா, கூடியவர்களா? வந்தபோது இருந்ததைவிட இப்போது குழப்பம் கூடியிருந்தது.

ஒரு மணிக்குக் கிணற்று வேலைக்காரர்கள் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார்கள். இலைகள் விழுந்தன. எல்லோருக்கும் பரிமாறி முடித்தபின், வீரணன் பந்தியின் கடைசியில் தமக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வழுதி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “எல்லாம் சரி, அம்மா. தடுக்கிறவரை யார் தடுப்பது?”

“அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சுவரில் இருப்பது அவருக்கும்தான்.”

வழுதி அந்தக் கடைசி இலையைப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, பேனாவைத் திறந்தார்.