துரை செய்த 'புட் அப் வித்'

வேங்கைமலை ஜமீனை ஆண்ட கண்டியப்ப ராஜாவுக்குப் பாட்டென்றால் உயிர். பாட்டுக்குத்தான் அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

விருந்துக்கு வந்த கலெக்டர் துரையைப் பிடித்து உட்காரவைத்து நாலு மணி நேரம் பாடித் தீர்த்தார். முடிவில், தம் புத்தகத்தில் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார். துரையும் எழுதினார்: விருந்து அருமை, ராஜாவின் பாட்டை 'புட் அப் வித்' செய்தேன்.

மறுநாள் சபை கூடியது. ராஜாவுக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும்.

"புட் என்றால் வைத்தான். அப் என்றால் மேலே. வித் என்றால் கூட. என் பாட்டை உச்சியில் தூக்கி வைத்துக் கூடவே கொண்டு போய்விட்டாரா? துபாஷி, சரிதானே?"

துரைமார் பேச்சை ராஜாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி தாவீதுப் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. தனித்தனியே சாதுவாக இருக்கும் அந்த மூன்று சொற்களும் ஒன்றுசேர்ந்தால் குணம் மாறிவிடும். அதை ராஜாவிடம் யார் சொல்வது?

"இப்போதே பொருள் சொல்லும். இல்லையென்றால் உமக்கு வேலை இல்லை!"

ஆறு பிள்ளைகளோடு மனுஷன் எங்கே போவார்? விதூஷகன் அரியமுத்துவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அரியமுத்து எழுந்தான். "மகாராஜா, அது சொன்னால் விளங்காது, பட்டால்தான் விளங்கும். மைத்துனர் ஐயா தம் குதிரையைப் பற்றி நூறு பாட்டு எழுதியிருக்கிறாராம். முதலில் அதைக் கேட்போமே?"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் திரைக்குப் பின்னால் ராணி இருக்கிறாள். அண்ணன் பாட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்தப்புரத்துக்குள் நுழைய முடியுமா?

மைத்துனர் ஆரம்பித்தார். வாலுக்கு மட்டும் இருபத்திரண்டு பாட்டு. ராஜா கொட்டாவியை விழுங்கினார். காலை மாற்றி மாற்றி மடக்கினார். திரை அசையும்போதெல்லாம் "பேஷ், பேஷ்!" என்றார்.

நூறும் முடிந்தது. அண்ணனும் தங்கையும் பூரித்துப்போய் உள்ளே போனார்கள்.

"மகாராஜா, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?" என்றான் அரியமுத்து.

"என்ன செய்தேனா? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேனடா!"

"துரையும் அதைத்தான் செய்தார், மகாராஜா."

துபாஷி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ராஜாவின் முகம் சிவந்தது.

"அப்படியானால், பதினைந்து வருஷமாக நீயும்...?"

"அடியேனுக்குச் சம்பளம் உண்டு மகாராஜா. பாவம் துரை, நாலு மணி நேரமும் சும்மா!"

முதலில் ராஜாவின் மீசை ஆடியது. பிறகு தொந்தி குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"துபாஷி, பயப்படாதீர், உம் வேலை உமக்குத்தான். அரியமுத்து, இன்றுமுதல் உனக்கு இரட்டைச் சம்பளம்!"

அரியமுத்து கும்பிட்டுவிட்டு மெல்ல நழுவப் பார்த்தான்.

"எங்கே கிளம்பிவிட்டாய்? உட்கார்" என்று ராஜா தம்பூராவை எடுத்தார். "இரட்டைச் சம்பளம் வாங்குகிறவன் இரண்டு மடங்கு கேட்க வேண்டாமா?"