வௌவால் செய்த குற்றம்

ஆற்றங்கரை மடத்தின் குரு நாச்சியம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் கதிரேசருக்கோ அறுபது தாண்டிவிட்டது. மடத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது அவர் வேலை. கடவுள் மிருகங்களைப் படைத்த கதை என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒரு நாள் காலை அவர் குருவிடம் வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை.

"அம்மா, சிலம்பாயி நாலு நாளாப் பள்ளிக்கு வரலை."

"யாரு, ஒரு காலைச் சாய்ச்சு சாய்ச்சு நடக்குமே, அந்தப் புள்ளையா?"

"அவதாம்மா. என் கதையாலதான் நின்னுட்டா."

"அப்படி என்ன கதை?"

"வௌவால் கதை. ஆதியில அதுவும் நேராத்தான் உக்காந்துச்சு. படைச்ச கடவுள்கிட்டயே பொய் சொல்லிச்சு. 'போ, தலைகீழாத் தொங்கு'ன்னுட்டார்."

"சரி."

"அப்புறம் பாம்பு. பேராசைப்பட்டுச்சு, கால் போச்சு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிலம்பாயி மட்டும் எழுந்து, 'பொறக்கறதுக்கு முன்னாடி நான் என்ன தப்பு செஞ்சேன் ஐயா?'ன்னு கேட்டா."

கதிரேசர் நூறு கதை தெரிந்த மனிதர். அதில் ஒன்றுகூட அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை.

"அவ வீட்டுக்கு நான் போனா கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும் அம்மா?"

குரு எழுந்து நடந்தார். கதிரேசர் பின்னாலேயே போனார். படித்துறைக்கு மேலே பெரிய மருத மரம். கிளைக்குக் கிளை வௌவால்கள். தாழ்ந்த கிளையில் ஒரு தாய், குட்டியை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு தொங்கியது. குட்டியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அது இவர்களையே பார்த்தது.

"அந்தக் குட்டி இப்போ அதோட அம்மாவைக் கேக்குது," என்றார் குரு. "'கீழ ரெண்டு பேரு ஏன் தலைகீழா நிக்கிறாங்க?' தாய் என்ன கதை சொல்லும்?"

கதிரேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் அது என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"மனுஷங்க நாம எல்லாம் கடவுள்கிட்டப் பொய் சொல்லிட்டோம்னு சொல்லும்மா. அதுக்குத்தான் இந்தத் தண்டனைன்னு சொல்லும்."

"நீங்க அப்படிப் பொய் சொன்னீங்களா?"

"ஐயோ, நான் எங்கே சொன்னேன்!"

"அந்த வௌவால் பொய் சொன்னதை நீங்க பாத்தீங்களா?"

கதிரேசரின் சிரிப்பு நின்றது. குட்டி இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தது.

கதிரேசர் மெல்லக் கேட்டார்:

"இப்போ சிலம்பாயிகிட்டப் போய் என்ன சொல்லட்டும்?"

"அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வாங்க. அவ பாக்கும்படியா, இந்த வௌவால்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."