எயினி கொடுத்த வீடு

கதை முடிந்ததும் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதனால் கவனமாகக் கேளுங்கள்.

கொற்றங்குடி என்ற துறைமுக நகரில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுப்போன சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அரண்மனைக்கு வரியாகக் கட்ட வேண்டும். உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் வரி இல்லை. ஆனால் கொடுத்தவர் அதன்பின் ஐந்து ஆண்டு உயிரோடிருக்க வேண்டும். கொடுத்ததை அதுவரை தாம் அனுபவிக்கவும் கூடாது. கொடுத்த வீட்டில் ஒரு நாள் பாய் விரித்துப் படுத்தாலும் கொடை செல்லாது.

அந்த நகரில் அழிசி என்றொரு கயிற்று வியாபாரி இருந்தான். அவன் தாய் எயினிக்கு அறுபத்தெட்டு வயது. அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு வீடு. கணவனும் அவளுமாக மண் சுமந்து கட்டியது. அழிசிக்குத் தனி வீடு உண்டு. தங்கை வெண்ணிக்கு இல்லை. கப்பலேறிப் போன அவள் கணவன் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு தாயுடன்தான் இருந்தாள். தான் கண்ணை மூடினால் வரி கட்ட வழியில்லாமல் வெண்ணி வீட்டை விற்க நேரும் என்பது எயினிக்குத் தெரியும். அதனால் ஊரார் முன்னிலையில் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு புடவையோடு மகன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த அன்றே அழிசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐந்து ஆண்டு முடியும்வரை என்னை அங்கே தங்க விடாதே. அழுதாலும் விடாதே. தெளிந்த புத்தியோடு கேட்டாலும் விடாதே. சத்தியம் பண்ணு."

அழிசி சத்தியம் செய்தான்.

மகளைப் பார்க்கப் போனால் எயினி வாசலில் நின்றே பேசிவிட்டுத் திரும்புவாள். உட்காரச் சொன்னால், "உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது" என்பாள்.

கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது அவள் காய்ச்சலில் விழுந்தாள். "நாளைக்கும் போகலாம், ஒரு மாதமும் இருக்கலாம்" என்றார் வைத்தியர்.

"அழிசி, என்னை வீட்டில் கொண்டுபோய் விடு."

"இதுவும் உன் வீடுதானே அம்மா."

"உன் அப்பா உயிர் போன இடத்தில் என் உயிரும் போகட்டும். சத்தியம் வாங்கியது மறக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்."

வீடு தன் பெயரில் இருந்திருந்தால் அழிசி அந்த நிமிஷமே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். "பன்னிரண்டு நாள் பொறுத்துக்கொள் அம்மா" என்று மட்டும் சொன்னான். எயினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் அவன் ஊட்டிய கஞ்சியை அவள் விழுங்கவில்லை.

வெண்ணி தினமும் வந்து பார்த்தாள். தாய் கேட்டதை அழிசி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அவன் துறைமுகத்துக்குப் போயிருந்த நேரத்தில் எயினி மகளிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அழிசி திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. தங்கை வீட்டுக்கு ஓடினான். கூடத்தில் பாய் விரித்து எயினி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் செய்தாய்! இன்னும் ஒன்பதே நாள்!"

"அந்த ஒன்பது நாள் அம்மாவுக்கு இல்லாமல் போனால்?"

"இத்தனை வருஷம் யாருக்காக அவள் வாசலில் நின்றாள்?"

"எனக்காகத்தான் அண்ணா" என்றாள் வெண்ணி.

அன்று எயினி ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். பத்தொன்பது நாள் இருந்தாள். கெடு முடிந்து பத்தாம் நாள் இறந்தாள். அதிகாரி வந்து விசாரித்தார். கொடை செல்லாது என்று எழுதினார். வரிக்காக வீடு ஏலம் போயிற்று. வெண்ணி குழந்தைகளோடு அண்ணன் வீட்டின் பின்கட்டுக்கு வந்தாள். பொறுத்திருந்தால் வீடு தப்பியிருக்கும் என்றது ஊரில் பாதி. பொறுத்திருந்தால் கிழவி அவ்வளவு நாள் இருந்திருக்கவே மாட்டாள் என்றது மறு பாதி.

அண்ணன் சத்தியத்தைக் காத்தான். தங்கை அதைக் கடந்து தாயின் ஆசையைத் தீர்த்தாள். இருவரில் யார் செய்தது சரி?

விடை: வெண்ணி செய்தது சரி. ஆனால் அதைச் செய்ய அவள் ஒருத்திக்குத்தான் உரிமை. சத்தியம் அவளுடைய கூரைக்காக வாங்கியது. தங்கையின் கூரையைக் கொடுத்துத் தாயின் ஆசையைத் தீர்க்க அழிசிக்கு உரிமை இல்லை. அதனால் அவன் மறுத்ததிலும் குற்றமில்லை. அவன் தவறியது ஒரே இடத்தில். தாய் கேட்ட அன்றே அதைத் தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். முடிவு செய்ய வேண்டியவளுக்கு மூன்று நாள் செய்தியே தெரியாமல் வைத்திருந்தான். அது தவறு என்று அழிசிக்கும் தெரியும்.